சிவப்புப் புள்ளி வைத்த கோப்பை

என் வீட்டு அடுக்களை ஜன்னல் ஓரத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஓர் எனாமல் கோப்பை தொங்குகிறது. வெள்ளைக் கோப்பை, விளிம்பில் நீலக் கோடு, அடியில் இரண்டு இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்திருக்கிறது. பிடிக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய சாமான்களைத் தேடி வாங்கி மாட்டிவைப்பது இப்போது நாகரிகம் ஆகிவிட்டதால் நானும் மறுப்பதில்லை. அந்தப் புள்ளியை வைத்தவர் என் அப்பா. மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், தேயிலைப் பெட்டிகளின் மேல் தகட்டை வைத்து எழுத்து அடிக்கிற வேலை அவருக்கு. தூளின் ரகமும் பெட்டியின் எண்ணும் கறுப்புப் பெயிண்டில் போகும். தரையில் கூட்டிப் பெருக்கிய தூளை அடைத்த பெட்டிகளுக்கு மட்டும் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி. நல்ல தூளோடு சேர்த்துவிடாதே என்று அதற்கு அர்த்தம். ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சிவப்புப் பெயிண்டில் கொஞ்சத்தை ஒரு சிகரெட் டின் மூடியில் எடுத்து வந்து, சின்னம்மாவின் கோப்பை, தட்டு, வாளி மூன்றிலும் ஒவ்வொரு புள்ளி வைத்தார். மற்ற இரண்டும் போய்விட்டன. கோப்பை மட்டும் என்னோடு இருக்கிறது.

சின்னம்மா அப்பாவின் இரண்டாவது மனைவி. என்னைப் பெற்றவள் எனக்கு நான்கு வயதாக இருக்கும்போதே போய்விட்டாள். அவள் முகம் எனக்கு ஒரு புகைப்படத்து முகம்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், நான் ஏழு வயதுப் பெண்ணாக இருந்தபோது, மலையடிவாரத்துத் தாப்பா ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து அப்பா சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். லோரியின் முன் சீட்டிலிருந்து இறங்கும்போதே குளிரில் பல் கிட்டிப்போய் நின்றாள். "அம்மான்னு கூப்புடு" என்று அப்பா என்னை முன்னால் தள்ளினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "விடுங்க, அவளுக்கு எது வருதோ அதச் சொல்லிக் கூப்புடட்டும்" என்றாள் அவள். எனக்குச் சின்னம்மா என்றுதான் வந்தது. கடைசிவரை அப்படியே கூப்பிட்டேன். ஒரு முறைகூட மாற்றிக் கூப்பிடவில்லை.

மாற்றாந்தாய் எப்போது பிள்ளைமேல் கை வைப்பாள் என்று பார்ப்பதற்கென்றே வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பத்து வீட்டுக் கண்கள் காத்திருந்தன. சின்னம்மாவுக்கும் அது தெரியும். அதனால் என்னை அவள் அதட்டியதுகூட இல்லை. நான் ஒன்றும் சாதுப் பிள்ளை அல்ல. வந்த முதல் மாதத்திலேயே அவளிடம் இருந்த ஒரே கம்பளிச் சட்டையை எடுத்து மழைத்தண்ணீர்ப் பீப்பாய்க்குள் அமுக்கிவிட்டேன். அவள் அதைத் தேடி எடுத்து, பிழிந்து, அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாள். அப்பாவிடம் சொல்லவே இல்லை. அவள் சொல்லி நான் நாலு அடி வாங்கியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவள் சும்மா இருந்துவிட்டது எனக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று. மெல்ல மெல்ல அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தேன்.

மலைமேல் துணி காயாது. பனியும் சாரலுமாக இருக்கும். பள்ளிக்கூடச் சட்டையைக் காலையில் எடுத்தால் தொட்டதும் உடம்பு சில்லிடும். சின்னம்மா, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்பே எழுந்து, ஒரு பித்தளைச் செம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அதன் அடியால் என் சட்டையை அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். சட்டையிலிருந்து ஆவி பறக்கும். அந்தச் சூட்டோடு என் தலைவழியாக மாட்டிவிடுவாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன அவள் விரல்கள் கழுத்துப் பட்டனைப் போடும்போது என் தாடையில் உரசும். அந்த உரசலுக்காகவே எனக்குப் பட்டன் போடத் தெரியாததுபோல் பன்னிரண்டு வயதுவரை நடித்தேன். நான் நடிக்கிறேன் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மேட்டில் ஏறும்போது மட்டும். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவதாகக் கங்காணி வந்து சொன்னார். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். எங்கள் தோட்டத்து மருந்தகத்தில் ஒரு டிரசர் இருந்தார். காய்ச்சல், பிரசவம், அட்டைக்கடி எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அவர்தான் டாக்டர். மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "சத்தம் தூரத்துல கேக்குது, இது என் கையில இல்ல" என்று அன்றைக்கே வேனில் ஏற்றி மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அங்கே இருதயத்தைச் சுற்றி இருக்கிற பைக்குள் நீர் கட்டியிருப்பதாகச் சொல்லி, நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி போட்டு அதை வடித்தார்கள். வடித்த மறுநாள் சின்னம்மா நன்றாக மூச்சு விட்டாளாம்; கஞ்சி கேட்டுக் குடித்தாளாம். எடுத்த நீரைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் புற்றுநோய் அணு எதுவும் தென்படவில்லை. தோட்டத்திலிருந்து வருகிற ஓர் ஏழைப் பெண்ணுக்கு நெஞ்சில் நீர் கட்டியிருந்து அது புற்றும் இல்லையென்றால், அந்தக் காலத்தில் அடுத்துச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காசநோய் என்று எழுதி, ஊசிக்கும் மாத்திரைக்கும் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு இருந்த கருவியை வைத்து யார் பார்த்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சீட்டைப் படித்துவிட்டு டிரசர் அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "எதுக்கும் கொஞ்சம் தனியா வச்சுக்குங்க." மீதியை லயம் பார்த்துக்கொண்டது. அங்கே டீபி என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுக்களையை ஒட்டிய சின்ன அறையில் அவளுக்குப் பாய் போட்டார்கள். தட்டு, கோப்பை, வாளி மூன்றுக்கும் அடையாளம் வைத்து, கொல்லைச் சுவரில் ஆணி அடித்துத் தனியாக மாட்டினார்கள். அவள் துணியைத் துவைக்கிற கல்கூட வேறு. அப்பாவும் நானும் முன்னறையில் படுத்தோம். சாப்பாட்டை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். தினமும் காலையில் டிரசர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். அந்த அறைக்குள் காலெடுத்து வைத்த ஒரே ஆள் அவர்தான்.

இதில் மற்றவர்களைவிடக் கண்டிப்பாக இருந்தது சின்னம்மாதான். அவள் பிறந்த தோட்டத்தில் ஒரே வீட்டில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக இருமி இருமிப் போனதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். என்னை நிலைப்படியில் உட்காரவிட மாட்டாள். பேசுவதென்றால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துப் பேசுவாள். என் சட்டையை நானே செம்பை வைத்துத் தேய்க்கும்போது உள்ளேயிருந்து குரல் வரும்: "பின்பக்கம் ஈரமா இருக்கும், திருப்பிப் போட்டுத் தேயி." அதற்கப்புறம் தினமும் கேட்கிற கேள்வி: "இருமுனியா?" காலையில் எழுந்ததும் அதுதான், பள்ளிவிட்டு வந்ததும் அதுதான். சாப்டியா, படிச்சியா என்பதெல்லாம் போய் அந்த ஒரு கேள்விதான் மிஞ்சியது. எனக்கு எரிச்சலாக வரும். இல்லை என்று கத்திவிட்டுப் போவேன்.

மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்துகொண்டு வந்தேன். சின்னம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். பாதி குடித்த தேத்தண்ணி அவள் கோப்பையில், நிலைப்படிக்கு அருகில் இருந்தது. எனக்குத் தாகம் இல்லை. குளிர்கூட ஒரு காரணம் இல்லை. மூன்று மாதமாக அவள் கையால் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவள் குடித்ததை நான் குடிக்க வேண்டும் என்று தோன்றியது. எடுத்துக் குடித்தேன். ஆறிப்போய், சீனி தூக்கலாக இருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறவள் எப்படி எழுந்தாள், எப்படி வந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கன்னத்தில் அறை விழுந்தது. கோப்பை கையிலிருந்து எகிறிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அடியில் எனாமல் பெயர்ந்திருக்கும் இரண்டு இடங்களில் ஒன்று அன்றைக்குப் பட்டது.

பிறகு அவள் என்னை உப்புத் தண்ணீரால் வாய் கொப்புளிக்கச் சொல்லிச் சொல்லி அழுததும், அப்பா வந்ததும் அவர் காலைப் பிடிக்காத குறையாக என்னை டிரசரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதும் எல்லாம் நடந்தது. எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. கன்னத்தில் விழுந்த அறை மட்டும்தான் மனதில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி கொல்லைவழியாக எட்டிப் பார்த்து, "பாத்தியா, அஞ்சு வருசம் அமுக்கி வச்சிருந்த புத்திய கடைசில காட்டிட்டா" என்று அடுத்த வீட்டுக்குச் சொன்னாள். அது என் காதில் நன்றாக ஏறியது. ஆமாம், இவள் என்னைப் பெற்றவள் இல்லை, அதனால்தான் எச்சில் கோப்பையைத் தொட்டதற்கு அடிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு வயதில் ஒரு கோபம் கிடைத்துவிட்டால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தோன்றும். நான் வைத்துக்கொண்டேன்.

டிரசர் என்னை வேனில் கூட்டிப்போய் நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். படம் சுத்தமாக இருந்தது. அவர் அதைச் சின்னம்மாவின் அறைக்குள் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாருங்க, ஒரு கறை இல்ல" என்றார். அவள் வெகுநேரம் பார்த்தாள். "இப்பத் தெரியாது டிரசர். பின்னாலதான் வரும். நான் பாத்திருக்கேன்" என்றாள். அதன்பிறகு "இருமுனியா" என்ற கேள்வியின் குரலே மாறிவிட்டது. முன்பு அது விசாரிப்பாக இருந்தது. இப்போது தீர்ப்புக்குக் காத்திருக்கிறவளைப்போல் கேட்டாள். மாத்திரையும் ஊசியும் எவ்வளவு போட்டும் அவளுக்குக் குணம் தெரியவில்லை. கால் மறுபடி வீங்கியது. முகம் சாம்பல் பூத்துப்போனது.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில் டிரசர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உடனே வேனைக் கொண்டுவரச் சொன்னார். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். எல்லோரும் மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார்கள். வெளியே மூட்டமாக இருந்தது, எதிர்ச் சரிவில் தேயிலைகூடத் தெரியவில்லை. பெண்கள் தள்ளி நின்றார்கள். நான் வீட்டு வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேனுக்குள் ஏற்றியபின் சின்னம்மா தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். "இருமல் ஒன்னும் இல்லல்ல கண்ணு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டியிருந்தாலும் போதும். நான் இருமினேன். வேண்டுமென்றே, அவளைப் பார்த்துக்கொண்டே, மூன்று தடவை. அன்றைக்குக் கன்னத்தில் வாங்கிய அறைக்குப் பதில் என்று நினைத்துக்கொண்டு இருமினேன்.

அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுத முயன்றேன், வரவில்லை. டிரசரின் கையைப் பிடித்து, "பிள்ளைக்கு மறுபடி படம் புடிங்க டிரசர், இன்னிக்கே புடிங்க" என்றாள். வேனின் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மறுபடி நீர் வடித்தார்கள்; மூன்று நாள் இருந்தாள். கூட இருந்த அப்பா, அவள் பேசின நேரமெல்லாம் அந்தப் படத்தைப் பற்றியே கேட்டாள் என்று பிறகு சொன்னார். அவரும் நல்ல வார்த்தையாகத்தான் சொல்லியிருக்கிறார், அவள் நம்பவில்லையாம். ஏன் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

காரியம் முடிந்ததும் அவளுடைய பாய், தலையணை, தட்டு, துணி, அந்தக் கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் கொல்லையில் போட்டு எரித்தார்கள். வாளியை யாரோ பள்ளத்தில் வீசினார்கள். கோப்பை மட்டும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தொட ஆளில்லாததால் அது தப்பித்தது.

நான் படித்தேன். எண்பதுகளில் மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மனிதர்கள் உடம்பிலிருந்து வடிக்கிற நீரையெல்லாம் குழாயில் ஊற்றிச் சுழற்றி, அடியில் படிவதைத் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றுகிற வேலை. புற்று இருந்தும் அணு கண்ணில் படாமல் போவது உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். நோய் பையின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் எடுத்த நீரில் ஒன்றுகூட உதிர்ந்திருக்காது. அந்த நாளில்தான் ஒரு புதுப் பரிசோதனை வந்தது. அணு தென்படாவிட்டாலும், சில வகைப் புற்றுகள் ஒரு புரதத்தை நீரில் விட்டுவைக்கும். அதை அளந்தால் ஆளைப் பார்க்காமலே காலடித் தடத்தை வைத்துச் சொல்வதுபோல் ஓரளவு சொல்லிவிடலாம். கூடத்தில் நாங்கள் அதை மார்க்கர் என்றோம்.

ஒரு நாள் இருதயப் பையின் நீர் ஒன்று வந்தது. அது அடிக்கடி வருகிற சாமான் இல்லை. வைக்கோல் தண்ணீர் நிறம். தகட்டில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வார்டில் காசநோய் என்று ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். ஆனால் மார்க்கரை அளந்தபோது அளவு எங்கேயோ போய் நின்றது. மறுபடி அளந்தேன். அதே அளவு. பிறகு வேறு இடத்தில் தேடிப் பார்த்து நுரையீரலில் புற்று என்று உறுதி செய்தார்கள். அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலை இன்னும் நினைவிருக்கிறது. அணு இல்லை, ஆகவே காசநோய். எங்கள் வீட்டுக்கு வந்த சீட்டிலும் இதே வாய்ப்பாடுதானே இருந்தது?

தீபாவளி லீவில் மலைக்குப் போனதும் நேரே மருந்தகத்துக்குப் போனேன். டிரசருக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. "சின்னம்மாவுக்கு ரெண்டாவது தடவை தண்ணி எடுத்தாங்களே, அதுல என்ன பாத்தாங்க?" என்று கேட்டேன். அவர் உட்காரச் சொன்னார். மேசை இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்து, அடியில் விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழேயிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இரத்தம் கலந்த நீர், புற்றுநோய் அணுக்கள் நிறைய என்று தட்டச்சில் இருந்தது. அவள் இறந்து இரண்டு வாரம் கழித்துத் தபாலில் வந்ததாம்.

"உங்க சின்னம்மாவுக்கு டீபி இல்லம்மா" என்றார்.

"இத்தன வருசமா வச்சிருந்தீங்களா?"

"நான்தானம்மா தனியா வைக்கச் சொன்னேன். உங்கப்பா என் பேச்சக் கேட்டு அவங்க பக்கத்துலயே போகல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து சொல்லுவேன்? செத்தவங்க வரப் போறாங்களா? உங்கப்பாவாச்சும் நிம்மதியா இருக்கட்டும்னு வச்சிட்டேன். கிழிக்கவும் மனசு வரல."

நான் அவரைச் சத்தம் போட்டேன். மருந்து வாங்க நின்ற பெண்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போட்டேன். அந்த அறைக்குள் மூக்கைக்கூட மூடாமல் ஐந்து மாதம் போய் வந்த ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்கு வீட்டுக்கு நடக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. கோபமும் முழுக்கத் தணியவில்லை. அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்றும் பாதி மனம் கோபித்துக்கொள்கிறது, பாதி மனம் அவரை நினைத்து அழுகிறது.

அப்பா வாசலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். ரேடியோவை நிறுத்தினார். தாளை வாங்கி, ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அது ஒட்டாதா?"

"ஒட்டாதுப்பா."

"பக்கத்துல ஒக்காந்திருந்தா?"

"ஒன்னும் ஆயிருக்காது."

"நீ அன்னிக்கி அவ கோப்பையில குடிச்சது?"

"ஒன்னும் ஆயிருக்காதுப்பா."

எழுந்து கொல்லைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கோப்பை துருவும் ஒட்டடையுமாக அதே ஆணியில் இருந்தது. அதை எடுத்து வேட்டியால் துடைத்தார். புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஃபேக்டரி பெயிண்ட், பெட்டி கப்பலில் போனாலும் அழியாதபடி செய்தது, வரவில்லை. "யாராச்சும் அவகிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். "உன்ன நெனச்சு பயந்துக்கிட்டே போனாளே. அத மட்டுமாச்சும் யாராச்சும் சொல்லியிருக்கலாம்." அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அந்த நேரத்தில் இருமலைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அப்பா போகும்வரை சொல்லவில்லை. டிரசர் ஒரு தாளை இழுப்பறையில் வைத்திருந்ததுபோல் நானும் ஒன்றை வைத்துக்கொண்டேன். இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

மார்க்கர் இருந்திருந்தால் சின்னம்மா பிழைத்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அந்த நோய்க்கு ஒன்றும் செய்திருக்க முடியாது. அதே ஐந்து மாதம்தான். ஆனால் அந்த ஐந்து மாதமும் என் கழுத்துப் பட்டனை அவளே போட்டிருப்பாள். அப்பா அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோப்பையில் நான் குடித்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றியிருப்பாள். ஒரு புரதத்தின் அளவு தெரியாததால் எங்களுக்குப் போனது அதுதான். இதை நான் யோசித்து யோசித்துச் சலித்தவள். இருதய நீர் எப்போது வந்தாலும் அதை வேறு யாரையும் தொடவிட்டதில்லை. முடிவைச் சீட்டில் எழுதி ஆள்வசம் அனுப்பியதில்லை. நானே வார்டுக்குப் போன் போடுவேன், எடுக்கவில்லையென்றால் படியேறிப் போவேன். அதற்காகக் கூடத்தில் என்னைக் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இப்போது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். கூடத்தில் கருவிகள் எல்லாம் மாறிவிட்டன. புரதத்தோடு நிற்பதில்லை, நீரில் மிதக்கிற புற்றின் மரபணுத் துணுக்கையே பிடித்து, எந்த இடத்தில் மாறியிருக்கிறது, எந்த மாத்திரைக்குக் கேட்கும் என்றுகூடச் சொல்கிறார்கள். என்னிடம் வேலை பழகிய ஒரு பெண் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவாள். போன வாரமும் வந்தாள். வந்ததும் வராததுமாக அடுக்களைவரை என் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஹார்ட் தண்ணி ஒன்னு வந்துச்சு. செல் ஒன்னுமே இல்ல. டீபின்னுதான் மருந்து ஓடுது. மார்க்கர் போட்டா காட்டிருச்சு."

"வார்டுக்குப் போன் பண்ணியா?"

"உங்ககிட்ட வேல பாத்துட்டு பண்ணாம இருப்பேனா? நேர்லயே போனேன்லா. அந்தம்மாவுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒட்டிக்கும்னு பயந்து சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்களாம். டாக்டர் சொன்னதும் அந்தம்மா நோயப் பத்தி ஒன்னுமே கேக்கல அக்கா. பிள்ளைங்கள எப்ப கூட்டிட்டு வரலாம்னு கேட்டுச்சு. சாயங்காலமே வந்துட்டாங்க. கட்டில் மேலயே ஏறி ஒக்காந்துக்கிச்சுங்க."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். வெங்காயம்கூட நறுக்கவில்லை, கண்ணுக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. தாகம் என்றாள். கைக்கு எட்டியது அதுதான் போலிருக்கிறது, ஆணியிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்துக் குழாயடியில் கழுவித் தண்ணீர் பிடித்தாள். என் கை தானாகவே உயர்ந்துவிட்டது. தட்டிவிடத்தான் உயர்ந்தது. எல்லாம் தெரிந்த, நாற்பது வருடம் அந்த நோயைக் குழாயில் ஊற்றிப் பார்த்த கைதான்.

"ஐயோ, இதுல குடிக்கக் கூடாதா அக்கா? யாருது இது?"

கையை இறக்கிக்கொண்டேன். "குடிம்மா" என்றேன். "எங்கம்மாவோடது."

அவள் குடித்தாள். குடித்துவிட்டுக் கோப்பையைத் தேய்த்துக் கழுவி, ஆணியைப் பார்க்காமல், தட்டுக்கூடையில் மற்றக் கோப்பைகளோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். இத்தனை வருடமாக என் வீட்டிலும் அது தனி ஆணியில்தான் தொங்கியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அதை எடுத்து மறுபடி மாட்டவில்லை. மறுநாள் காலை தேத்தண்ணி போட்டபோது, கூடையில் எது முதலில் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்வோம் என்று கையை நீட்டினேன்.